அட்சரத் தொட்டில்

அட்டை குத்தாத அம்மாக்களை அந்தப் பள்ளியில் உள்ளே விடுவதில்லை.

"பேட்ஜ் எங்கீங்கக்கா?" என்று கேட்டார் கேட்டில் நின்ற வாட்ச்மேன்.

அம்சவேணி சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை ஒதுக்கிக் காட்டினாள். தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை அட்டை. அதில் கொட்டை எழுத்தில் 'கனிஷ்காவின் அம்மா' என்று அச்சடித்திருந்தது.

"சேலை மறைக்காம நல்லா முன்னுக்குக் குத்துங்க. போன மாசம் ஒரு அம்மா இப்படித்தான் மறைச்சுக் குத்திட்டு வந்து, புள்ளை கிரவுண்டு பூராத் தேடி அழுதுபோடுச்சு."

மாதத்தின் முதல் ஞாயிறு, பெற்றவர்கள் பிள்ளைகளைப் பார்க்கும் நாள். திருச்செங்கோட்டிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கேரியரும் கூடையுமாக வந்து இறங்கி, வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு அட்டையோடு நிற்பார்கள். விவரம் தெரியாதவன் பார்த்தால் ஏதோ மாநாடு என்றுதான் நினைப்பான். மணி அடித்ததும் விடுதியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஒரு பிள்ளையும் யார் முகத்தையும் தேடாது. பார்வையெல்லாம் நெஞ்சு மட்டத்தில் ஓடும். அட்டை அட்டையாகப் படித்துக்கொண்டே வந்து, தன் பெயர் போட்ட அட்டைக்கு முன்னால் நின்று "அம்மா" என்று சிரிக்கும். மாநிலத்தில் முதல் வரிசை இடங்களையெல்லாம் வாரிக்கொண்டு போகிற சூரப்புலிகள். பெற்ற தாயை மட்டும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்சவேணி ஒருநாளும் அட்டையை நம்பி நின்றதில்லை. விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உரம் ஏறிய குரல் அவளுடையது. "கனீ!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எத்தனை கூட்டம் இருந்தாலும் கனிஷ்கா திரும்பி நேராக ஓடி வருவாள். அட்சரத் தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகளில் அட்டையைப் படிக்காமல் வருவது தன் பிள்ளை ஒன்றுதான் என்பதில் அம்சவேணிக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அன்றைக்கு அந்தக் குரல் பாதியில் கம்மிப் போனது. கனிஷ்கா திரும்பினாள். ஆனால் ஓடி வரவில்லை. தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, அட்டையைப் படித்த பிறகுதான் கையைப் பிடித்தாள்.

"நீதானாம்மா? வேற யாரோ கூப்புடறாங்கன்னு நெனச்சேன். உன் வாய்ஸ் ஏன் இப்படி இருக்கு?"

"சளி, சாமி."

சளி இல்லை, கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று சேலத்து டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. குரலை முன்கூட்டியே பதிந்து வைத்துவிட்டால் போனே அவள் குரலில் பேசும், கவலைப்படாதீர்கள் என்று அவர் ஆறுதலும் சொன்னார். போனையோ வேறெந்தக் கருவியையோ இந்தப் பள்ளி வாசலைத் தாண்ட விடமாட்டார்கள் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? கனிஷ்கா வீட்டுக்கு வருவதோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

ஆபரேஷன் மேஜையில் செத்துப்போவோமோ என்கிற பயம்கூட அம்சவேணிக்கு அவ்வளவாக வரவில்லை. குரல் போய்விட்டால் இந்தப் பிள்ளைக்கு நான் யார் என்கிற பயம்தான் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

மரத்தடியில் துண்டை விரித்து, பள்ளிபாளையம் சிக்கனும் சோறும் போட்டுக் கொடுத்தாள். கனிஷ்கா சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். போன வாரம் ஒரே நாளில் நான்கு புத்தகம் முடித்தது, கணக்கில் முழு மதிப்பெண், தமிழில் ஒன்று குறைந்தது. எல்லாவற்றையும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பேசும்போது எதிரே இருப்பவரின் மூக்கைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு அதற்கும் ஒரு வகுப்பு உண்டு.

அப்போது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் பிள்ளை தலைதெறிக்க ஓடி வந்தது. அட்டைகளை அது திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருக்குமணி என்கிற இன்னொரு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உடனே விலகி அவள் முகத்தை உற்றுப் பார்த்தது.

"அழுதியாம்மா?"

"இல்லடி."

"பொய் சொல்லாத. கண்ணு வீங்கியிருக்கு. வாய் ஒரு மாதிரி கோணுது. அப்பா திட்டுனாங்களா?"

சோறு பிசைந்துகொண்டிருந்த அம்சவேணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளைகள் கை கழுவப் போனதும் ருக்குமணி வெட்கத்தோடு சிரித்தாள். "எம்புள்ளை பிரகதிங்க. சாதா செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க. கடைசி ரேங்க்கு. எல்லாம் திரை மாசத்துல நான் பண்ணின கோளாறு."

திரை மாதம் என்றால் அந்தப் பக்கத்தில் இப்போது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து முதல் ஆறு மாதம். கம்பெனிக்காரர்கள் வந்து அட்சரத் தொட்டிலை மாட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளை கண் விழித்திருக்கிற நேரமெல்லாம் தொட்டிலின் வெளிச்சக் கூரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நிபந்தனைதான். அந்த ஆறு மாதமும் மனித முகம் எதுவும் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. பால் கொடுக்கிற அம்மாவும் முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

கனிஷ்காவுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு வந்த சொந்தபந்தம், ஒறம்பரை ஜனம் அத்தனையும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரக் கூட்டம் போலத் தொட்டிலைச் சுற்றி நின்றது. விருந்து மட்டும் துணியைத் தூக்கித் தூக்கி நன்றாகவே இறங்கியது. அம்சவேணி அதை ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டாள். கோயிலுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டியவள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். காது குத்தியபோது பிள்ளை வீறிட்டு அழுது நீலம் பாரித்தது. அப்போதும் துணியைத் தூக்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த பெண் இப்படி ஓர் அம்மாவைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அதுவும் துணி போட்ட போட்டோதான்.

"எம்புள்ளைக்கு மூணாம் மாசம் காச்சல் வந்துடுச்சுங்க" என்றாள் ருக்குமணி. "ஒடம்பு அனலாக் கொதிக்குது. மனசு கேக்கல. துணியத் தூக்கி வீசிட்டு மூஞ்சியோட மூஞ்சிய வெச்சுக்கிட்டேன். என்னையவே பாத்துச்சு. அப்புறம் எங்கீங்க நிறுத்தறது? தெனமும் தூக்குனேன். எங்கூட்டுக்காரரு இன்னைக்கும் சொல்லிக் காட்டறாரு. நீங்கல்லாம் புண்ணியம் பண்ணுனவங்க."

அம்சவேணிக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், தன் தொண்டை விஷயத்தை மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ருக்குமணிதான் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னாள். தொட்டில் பிள்ளைகளை அங்கே ரகசியமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம்.

அந்தக் கோயம்புத்தூர் டாக்டர் ஜெசிந்தா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். கனிஷ்காவின் பள்ளி மருத்துவக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"அப்புறம் எப்படீங்க மூஞ்சி தெரியாமப் போகும்?"

"கண்ணு வேற, பார்வை வேறம்மா. முகத்தப் படிக்கறதுக்குன்னு மூளையில ஒரு எடம் உண்டு. ஆனா பொறக்கும்போதே அது தயாரா இருக்காது. பொறந்த மொத மாசங்கள்ல முகத்தப் பாத்துப் பாத்துத்தான் அது உருவாகும். சில கொழந்தைங்க கண்ணுல புரையோட பொறக்கும். அதத் தாமசமா எடுத்தா, பின்னால பார்வை எவ்வளவு நல்லாத் தெரிஞ்சாலும் முகத்த அடையாளம் வெக்கறதுல மட்டும் ஒரு தடுமாற்றம் கடைசி வரைக்கும் இருக்கும். அந்தப் பருவம் போனாப் போனதுதான்."

"எம்புள்ளைக்குப் புரை எதுவும் இல்லீங்களே?"

"நீங்க போட்டுக்கிட்டீங்களே, அந்தத் துணிதான் புரை."

சொன்ன பிறகு டாக்டருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்த எடம் சும்மாக் கெடந்திருந்தாக்கூடப் பரவால்ல. அங்க எழுத்தக் குடி வெச்சுட்டாங்க. ஊர்ப் பொதுக் கெணத்த மூடி வீடு கட்டுன மாதிரி. வீடு நல்லாத்தான் இருக்கு, தண்ணிக்கு எங்க போறது?"

"மறுபடி தோண்ட முடியாதுங்களா?"

"ஒரு ஊசி இருக்கு. பன்னெண்டு வயசு முடியறதுக்குள்ள போட்டா, அந்தப் பருவம் இன்னொரு தடவ தொறக்கும். ஒரு மூணு மாசம். மொதல்ல எழுத்து வெளிய போகும். கொஞ்சமில்ல, மொத்தமும் போகும். அ, ஆ கூட நிக்காது, திரும்பக் கத்துக்கறதும் செரமம். அப்புறம் நீங்க ராப்பகலா அவ மூஞ்சிக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கணும். முகம் வந்து பதியலாம்."

"பதியலாம்னா?"

"பத்துல நாலு புள்ளைங்களுக்குப் பதிஞ்சிருக்கு."

"மத்த ஆறு?"

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். "எழுத்தும் இல்ல, முகமும் இல்ல. அதனாலதான் பத்து வயசுக்கு மேல இருந்தா புள்ளையோட சம்மதம் இல்லாம நான் ஊசி போடறதில்ல. அவகிட்டயே கேட்டுட்டு வாங்க."

கனிஷ்காவுக்குத் தை மாதத்தில் பன்னிரண்டு முடிகிறது. அம்சவேணி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கணவனுக்குப் போன் போட்டாள். தங்கமுத்து ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கென்ன கிறுக்கா புள்ள?" என்று கத்தினான். "நாம ஆசைப்பட்டா பண்ணுனோம்? ஊரே பண்ணுச்சு. கேள்வித்தாளே இப்பப் புஸ்தகம் கனத்துக்கு வருது. சாதாப் புள்ளைக படிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுப் போடறான். எழுத்தும் போச்சுன்னா அது எங்க போய் நிக்கும்? தறிக்கா?"

"நான் தறி ஓட்டித்தானுங்க இருக்கறேன்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

பிறகு குரல் இறங்கி, "தொண்டை ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"இப்ப அவ்வளவா இல்லீங்க."

"உம்மனசுக்கு எது படுதோ அதப் பண்ணு அம்மிணி. எனக்கு வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல, செய்னு சொல்லவும் வரல." போனை வைத்துவிட்டான்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறன்று அம்சவேணிக்கு மிஞ்சியிருந்தது காற்றுக் குரல்தான். கனிஷ்காவை அதே மரத்தடியில் உட்கார வைத்து, காதோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொண்டைக் கட்டியைச் சொன்னாள், ஆபரேஷனைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள். கனிஷ்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பாடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வலிக்குமாம்மா உனக்கு?"

"மயக்கம் குடுத்துருவாங்க சாமி."

"எனக்கு எழுத்து மொத்தமும் போயிடுமா?"

"போயிடும். போனாப் போகட்டும். படிப்புப் போச்சேன்னு நீ ஒண்ணும் வெசனப்படாத. நானும் அப்பனும் இருக்கறோம். நீ என்னைய மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கோணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"படிப்புக்காகக் கேக்கலம்மா" என்றாள் கனிஷ்கா. விரலை மடக்கினாள். "ஆபரேஷன் பண்ணுனா உன் வாய்ஸ் போயிடும். அது உறுதி. ஊசி போட்டா எழுத்துப் போயிடும். அதுவும் உறுதி. மூஞ்சி தெரியறது மட்டும் பத்துல நாலு. அந்த நாலுல நான் வரலைன்னா, உன்னைய எத வெச்சும்மா கண்டுபுடிப்பேன்?"

இத்தனை கணக்குப் போட்ட அம்சவேணிக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

"தொட்டுப் பாத்தாத் தெரியாதா சாமி?" என்றாள் கடைசியில்.

"இங்க நிக்கற அத்தன அம்மாவையும் போய்த் தொட்டுப் பாக்க முடியுமா? அட்டை இருந்தா நீ எனக்குக் கண்டிப்பாக் கெடைப்ப. எனக்கு நீ வேணும்மா." கனிஷ்கா அம்மாவின் அட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி வேண்டாம். என்னையக் கூட்டிட்டுப் போயிடாத."

இந்தப் பிள்ளைக்குத் தன்மேல் ஒட்டுதல் இல்லையோ என்று இத்தனை வருஷமாக அம்சவேணியை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒட்டுதலுக்கு ஒரு குறையும் இல்லை. தன்னைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் அவள் அடைக்கப் பார்த்திருக்கிறாள். பிள்ளையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "வேண்டாம் சாமி, வேண்டாம். அம்மா சும்மாக் கேட்டேன்" என்று தட்டிக் கொடுத்தாள். மிச்சமிருந்த குரல் அதற்குத்தான் செலவானது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உயிர் தங்கியது. கழுத்தில் மூச்சு விட ஒரு துவாரமும், அதை மறைக்க ஒரு சின்னத் துணியும் மிஞ்சின. கனிஷ்காவின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அம்சவேணி ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஜன்னல் வழியாக, கோயம்புத்தூர் பஸ்கள் கிளம்புகிற பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மாசி மாதத்து முதல் ஞாயிறு, கூடையோடு ஒரு சிலேட்டும் பல்பமும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிலேட்டைக் கருவி என்று சொல்ல வாட்ச்மேனுக்கும் மனம் வரவில்லை. கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, "போங்கக்கா, போங்க" என்று வழி விட்டார்.

மணி அடித்தது. தூரத்தில் கனிஷ்கா வருவதைப் பார்த்ததும், பழக்க தோஷம், அம்சவேணி வாயைத் திறந்துவிட்டாள். வெறும் காற்றுதான் துவாரத்தில் உஸ்ஸென்றது. கனிஷ்கா அட்டை அட்டையாகப் படித்துக்கொண்டு வந்தாள். குறுக்கே ஒரு பெரிய மனிதர் பழக்கூடையோடு நின்று அம்சவேணியின் அட்டையை மறைத்துவிட்டார். மகள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவளைத் தாண்டிப் போனாள். பார்வை ஒருமுறை அவள் முகத்தின்மேல் பட்டும் போனது. அங்கே நிற்காமல் அடுத்த அட்டைக்குத் தாவியது. அம்சவேணி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடி, மகளுக்கு எதிரே போய் நின்று, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள்.

"அம்மா!" கனிஷ்கா அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா, நான் சொன்னன்ல? உடனே கண்டுபுடிச்சுட்டேன்."

மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். கனிஷ்காவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. மாநிலத் தேர்வில் அவள்தான் முதலிடம். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைக்கப் போகிறார்களாம். வார்டன் மிஸ் தட்டிக் கொடுத்தார்களாம். அவள் சொல்லச் சொல்ல அம்சவேணிக்கு அழுகை பொங்கியது. குரல் இல்லாத அழுகை. விசும்பலும் இல்லை, கேவலும் இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் தாடை வழியாக இறங்கிக் கழுத்துத் துணியை நனைத்தது. முகம் என்னவெல்லாம் கோணியதோ அவளுக்கே தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த மகள், வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்திம்மா. எப்படி வேர்க்குது பாரு உனக்கு." கனிஷ்கா தன் கைக்குட்டையால் அம்மாவின் கன்னத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு சிலேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "நான் ஃபர்ஸ்ட் வந்ததுல உனக்குச் சந்தோஷமாம்மா? எழுதிக் காட்டு."

அம்சவேணி பல்பத்தை எடுத்தாள். எதை எழுதினாலும் இந்தப் பிள்ளை நம்பும். எழுதியதை மட்டும்தான் நம்பும்.

'ரொம்பச் சந்தோஷம் சாமி' என்று எழுதினாள்.

கனிஷ்கா ஒரு நொடியில் படித்துவிட்டாள். அவள் முகம் பூவாக மலர்ந்தது. அதைப் பார்க்க அம்சவேணிக்குக் கண் இருந்தது. விடுதி மணி அடித்தது.

"அழிச்சுடாதம்மா, குடு. நீ சந்தோஷமா இருக்கேன்னு மிஸ்ஸுக்குக் காட்டணும். உனக்குக் குரல் போனதுல நீ அழுதுட்டே இருப்பேன்னு சொன்னாங்க." சிலேட்டைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் விடுதியை நோக்கி ஓடினாள்.

கூப்பிடலாம் என்று அம்சவேணி வாயைத் திறந்தாள். கழுத்துத் துணி மட்டும் லேசாக அசைந்தது.